நிலைத்தன்மை ஒரு அரசியல் சித்தாந்தமா? இடதா, வலதா?

நிலைத்தன்மை (sustainability), அதாவது இயற்கையின் எல்லைக்குள் வாழ்ந்து வருங்காலத்துக்கும் வளத்தை மிச்சம் வைக்க வேண்டும் என்ற கருத்து, தாராளவாதம், சோசலிசம், பழமைவாதம் மாதிரி தனித்து நிற்கக்கூடிய அரசியல் சித்தாந்தமா, அப்படியானால் அது இடதுசாரிகளுடையதா வலதுசாரிகளுடையதா, அதை மட்டுமே கொள்கையாக வைத்து ஒரு கட்சி ஆட்சி நடத்த முடியுமா என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலைத்தன்மை பாதிச் சித்தாந்தம். மற்றச் சித்தாந்தங்கள் ஓரத்தில் ஒதுக்கிவைத்த ஒரு கேள்வியை அது நடுவில் கொண்டுவந்து வைக்கிறது: இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அந்தக் கேள்வியில் அதற்கு ஆழம் உண்டு. ஆனால் சொத்து யாருடையது, அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும், இருப்பதை இன்று வாழ்கிறவர்களுக்குள் எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால் அதனிடம் சொந்தப் பதில் இல்லை. அதனால் எந்தச் சித்தாந்தத்தோடு அது சேர்கிறதோ அதன் குணத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. சில சமயம் அந்தச் சேர்க்கை கொடூரமாகவும் முடிந்திருக்கிறது.

சித்தாந்தம் என்று எதைச் சொல்கிறோம்? சித்தாந்தங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்த மைக்கேல் ஃபிரீடன் என்ற அரசியல் அறிஞர் இதற்குப் பயனுள்ள ஒரு வழி காட்டினார். சில சித்தாந்தங்கள் சமூகத்தின் பெரிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு பதில் வைத்திருக்கும். தாராளவாதத்திடம் சொத்து, சட்டம், கல்வி, மதம், வணிகம் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு நிலைப்பாடு கிடைக்கும். சோசலிசமும் அப்படித்தான். வேறு சிலவற்றுக்கு மையக் கருத்து ஒன்றிரண்டுதான். மீதியைப் பிறரிடம் கடன் வாங்கும். தேசியவாதத்தை அவர் இந்த இரண்டாவது வகையில் வைத்தார். தேசியவாதி இடதுசாரியாக இருக்கலாம், வலதுசாரியாக இருக்கலாம், மன்னராட்சியை விரும்புகிறவராகக்கூட இருக்கலாம். நிலைத்தன்மையும் இந்த வகைதான் என்பது என் எண்ணம். அதன் மையத்தில் இருப்பவை இரண்டே கருத்துகள்: பூமிக்கு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் வருங்காலத் தலைமுறைகளுக்கும் பங்கு உண்டு.

அதன் பிறப்பிலேயே இந்தக் குணம் தெரிகிறது. 1713இல் ஜெர்மனியின் சாக்சனியில் ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க நிர்வாகி காடு வளர்ப்பைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஃப்ரைபெர்க் பகுதியின் வெள்ளிச் சுரங்கங்களும் உலைகளும் மரத்தை விழுங்கிக்கொண்டிருந்தன, காடுகள் தீர்ந்துவந்தன. வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாமல் இருந்தால்தான் மரம் தொடர்ந்து கிடைக்கும் என்று அவர் வாதிட்டார். இது ஒரு நிர்வாகியின் கேள்வி: இந்தக் காடு எத்தனை காலம் தாங்கும்? சுமார் 130 ஆண்டுகள் கழித்து, 1842இல், ரைன்லாந்தில் ஓர் இளம் பத்திரிகையாளர் காட்டைப் பற்றி வேறொன்று கேட்டார். விழுந்து கிடக்கும் சுள்ளியை ஏழைகள் பொறுக்குவதையும் திருட்டாக்கும் சட்டம் அங்கே விவாதத்தில் இருந்தது. சுள்ளி பொறுக்குவது ஏழைகளின் வழக்க உரிமை, அதை எப்படிக் குற்றமாக்கலாம் என்று எழுதிய அந்தப் பத்திரிகையாளர் கார்ல் மார்க்ஸ். அவருடைய அரசியல் பயணம் தொடங்கிய இடங்களில் அந்தக் கட்டுரைகளும் ஒன்று. இரண்டு பேரும் பார்த்தது காட்டைத்தான். ஒருவர் எத்தனை காலம் என்று கேட்டார், இன்னொருவர் யாருடையது என்று கேட்டார். நிலைத்தன்மை முதல் கேள்விக்குப் பிறந்தது. இரண்டாவது கேள்வி வரும்போதெல்லாம் இன்றுவரை அது மற்றவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறது.

உலக அரசியலுக்குள் இந்தக் கருத்து பெரிய அளவில் நுழைந்தது 1972இல். அந்த ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோம் கழகம் என்ற சர்வதேச அறிஞர் அமைப்புக்காகத் தயாரித்த 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கை வெளிவந்தது. ஸ்டாக்ஹோமில் மனிதச் சூழல் பற்றிய ஐ.நா. மாநாடு கூடியது. டாஸ்மேனியாவிலும் நியூசிலாந்திலும் உலகின் முதல் பசுமைக் கட்சிகள் தோன்றின. 1987இல் நார்வேயின் க்ரோ ஹார்லம் ப்ருண்ட்லாண்ட் தலைமையிலான ஆணையம், இன்றைய தேவைகளை நிறைவேற்றும்போது வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுக்காத வளர்ச்சி என்று ஒரு வரையறை கொடுத்தது. எல்லோராலும் ஏற்க முடிந்த வரையறை அது. அதன் வெற்றிக்கும் பலவீனத்துக்கும் காரணம் அதுவேதான். 2015இல் ஐ.நா. ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளைப் பாருங்கள்: 8வது இலக்கு மிகவும் பின்தங்கிய நாடுகளில் ஆண்டுக்குக் குறைந்தது 7 சதவீதப் பொருளாதார வளர்ச்சி கேட்கிறது, 13வது இலக்கு பருவநிலை மாற்றத்தை எதிர்த்து உடனடி நடவடிக்கை கேட்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டுமானால் யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அரசியல். அந்த இடத்தில் ஆவணம் மௌனமாகிவிடுகிறது.

இதிலிருந்து வேறுபட்ட ஒன்று உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1973இல் நார்வேத் தத்துவவாதி ஆர்னே நெஸ், மாசையும் வளக் குறைவையும் மட்டும் கவனிக்கும் மேலோட்டமான சூழல் இயக்கத்தையும், மனிதனை மையத்திலிருந்து விலக்கிப் பார்க்கும் ஆழமான சூழல் இயக்கத்தையும் பிரித்துக் காட்டினார். இந்த இரண்டாவது பாதையில் வளர்ந்ததைச் சூழலியம் என்று சொல்லலாம். மற்ற உயிர்களுக்கும் தமக்கே உரிய மதிப்பு உண்டு, பொருள் உற்பத்தி வளர்ந்துகொண்டே போக முடியாது, அதிகாரம் சிறிய சமூகங்களிடம் இருக்க வேண்டும் என்பன அதன் நம்பிக்கைகள். முழுச் சித்தாந்தத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் இதிலும் அந்த மூன்றாவது நம்பிக்கை, மேலிருந்து ஆளும் அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதத்திலிருந்து வந்தது. பூமிக்கு எல்லை உண்டு என்பதிலிருந்து அதிகாரம் கிராமத்துக்குப் போக வேண்டும் என்ற முடிவு தானாக வந்துவிடாது. அதே எல்லையிலிருந்து அதிகாரத்தை ஒரே மையத்தில் குவிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். தாராளவாதத்தின் மூலவர்களில் ஒருவரான ஜான் லாக், பொதுவாகக் கிடக்கும் இயற்கையில் உழைத்து ஒருவர் தனக்கென எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது ஒரு நிபந்தனையும் வைத்தார்: மற்றவர்களுக்குப் போதுமான அளவும் அதே தரத்திலும் மிச்சம் இருக்க வேண்டும். அந்த மற்றவர்கள் பட்டியலில் வரும் நூற்றாண்டின் மனிதர்களையும் சேர்த்தால் நிலைத்தன்மை தாராளவாதத்துக்குள்ளேயே வந்துவிடும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1848லேயே, பொருளாதாரம் வளர்வதை நிறுத்தி ஒரு நிலைக்கு வந்தால் அது மனித மேம்பாட்டுக்குத் தடையாகாது, நல்லதாகவே இருக்கும் என்று எழுதினார். ஆக, பகை ரத்தத்தில் இல்லை. சிக்கல் உரிமை என்ற அடித்தளத்தில் இருக்கிறது. உரிமை ஒரு நபருக்கு உண்டு. பிறக்காதவர் இன்னும் நபரே இல்லை. பிரிட்டிஷ் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்கினார். நாம் இன்று எடுக்கும் பெரிய கொள்கை முடிவுகள் யார் யாரைச் சந்திப்பார்கள், எப்போது குழந்தை பெறுவார்கள் என்பதையே மாற்றிவிடும். நாம் வேறு முடிவு எடுத்திருந்தால் அந்தக் குறிப்பிட்ட மனிதர்கள் பிறந்தே இருக்கமாட்டார்கள். அப்படியிருக்க, அவர்களுக்கு நாம் தீங்கு செய்தோம் என்று எப்படிச் சொல்வது? என்னைப் பொறுத்தவரை இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் காரணம் ஆகாது. கடமையைக் குறிப்பிட்ட நபரின் உரிமையோடு மட்டும் கட்டிவைக்க முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது. ஆனால் உரிமையையே மூலதனமாகக் கொண்ட சித்தாந்தத்துக்கு இது லேசான விஷயம் இல்லை.

சந்தையை நம்புகிற பொருளாதாரத் தாராளவாதத்தோடு மோதல் இன்னும் நேரடியானது, அதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதிர்காலத்தில் வரும் இழப்பை இன்றைய மதிப்புக்கு மாற்ற ஒரு கழிவு விகிதம் வைத்துக் கணக்குப் போடுவார்கள். நூறு ஆண்டு கழித்து 100 கோடி டாலர் இழப்பு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 1 சதவீதம் கழித்தால் அதன் இன்றைய மதிப்பு சுமார் 37 கோடி. 5 சதவீதம் கழித்தால் வெறும் 76 லட்சம். முதல் கணக்கின்படி அந்த இழப்பைத் தடுக்க இன்றே பெரும் செலவு செய்யலாம். இரண்டாவது கணக்கின்படி கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். 2006இல் பிரிட்டன் அரசுக்காக நிக்கலஸ் ஸ்டெர்ன் தயாரித்த அறிக்கை சுமார் 1.4 சதவீதத்தை வைத்துக்கொண்டு உடனே செயல்படச் சொன்னது. அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹவுஸ் அதைவிடக் கணிசமாக உயர்ந்த விகிதத்தை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம் என்றார். பெரிய வேறுபாடு அறிவியலில் இல்லை. பேரப்பிள்ளையின் நலனுக்கு என் நலனோடு ஒப்பிட எவ்வளவு எடை என்ற அறக் கேள்விதான் ஒரு சதவீதப் புள்ளியாக உருமாறி அட்டவணைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் உரக்க விவாதிக்க வேண்டிய ஒன்று நிபுணர்களின் பின்னிணைப்பில் முடிவாவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

இதோடு சேர்ந்து வருவது, எதற்கும் மாற்று உண்டு என்ற நம்பிக்கை. ஒரு வளம் தீர்ந்தாலும் அதை விற்ற பணத்தைத் தொழிற்சாலையிலும் கல்வியிலும் போட்டால் அடுத்த தலைமுறைக்கு நஷ்டமில்லை என்பது ராபர்ட் சோலோ போன்ற பொருளியலாளர்களின் வாதம். இயற்கை செய்யும் சில வேலைகளைப் பணம் செய்யாது என்பது இன்னொரு பொருளியலாளரான ஹெர்மன் டேலியின் வாதம். பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள நவ்ரூ தீவு இந்த விவாதத்தின் சோதனைச்சாலை ஆகிவிட்டது. அங்கே பாஸ்பேட்டைத் தோண்டி விற்றார்கள். 1968இல் சுதந்திரம் பெற்றபின் வருமானத்தை அறக்கட்டளை நிதியில் சேர்த்தார்கள். 1970களில் உலகில் தனிநபர் வருமானம் மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இருந்தார்கள். பாஸ்பேட் தீர்ந்தது, நிதி தவறான முதலீடுகளிலும் செலவுகளிலும் கரைந்தது, தீவின் பெரும்பகுதி நிலம் பயிர் செய்ய முடியாத சுண்ணாம்புக் கூர்ப்பாறையாக மிஞ்சியது. எதிர்ப்பக்கத்தில் நார்வே 1990இல் தொடங்கிய எண்ணெய் நிதி வளர்ந்து இன்று உலகின் மிகப் பெரிய அரசு நிதிகளில் ஒன்றாக நிற்கிறது. சோலோவின் வழி நடைமுறையில் சாத்தியம் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த எண்ணெய் எரிந்து காற்றில் சேர்ந்த கார்பனுக்கு எந்த நிதியும் மாற்றாகவில்லை.

நியாயமாகச் சொன்னால், சந்தைப் பக்கத்துக்கும் பெரிய வெற்றி ஒன்று உண்டு. மக்கள்தொகைப் பெருக்கத்தால் பேரழிவு வரும் என்று எச்சரித்த பால் எர்லிக்கும், மனித அறிவே கடைசி வளம் என்று நம்பிய ஜூலியன் சைமனும் 1980இல் ஐந்து உலோகங்களின் விலை பற்றிப் பந்தயம் கட்டினார்கள். பத்தாண்டில் விலை ஏறும் என்றார் எர்லிக். இறங்கியது, அவர் சைமனுக்கு 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார். எல்லை என்றால் பொருள் தீர்ந்துபோவது என்று மட்டும் புரிந்துகொண்ட பசுமைவாதிகளுக்கு அது நல்ல பாடம். செம்புக்கும் தகரத்துக்கும் மாற்று கிடைக்கும். இன்று நெருக்கும் எல்லைகள் வேறு மாதிரியானவை: தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த காற்றின் கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. காற்றுமண்டலம் யாருக்கும் சொந்தமில்லாததால் அதற்கு விலையும் இல்லை, விலை ஏறி எச்சரிக்கை தரவும் வழியில்லை. விலையை அரசு உருவாக்கிக் கொடுத்தால் சந்தை வேலை செய்கிறது. 1991லேயே கார்பன் வரி போட்ட ஸ்வீடனும், அமில மழையைக் குறைக்க 1990இல் கந்தக வாயு அனுமதிச் சந்தையை உருவாக்கிய அமெரிக்கச் சட்டமும் அதற்கு எடுத்துக்காட்டுகள்.

சோசலிசத்துக்கு வருவோம். மூலதனம் நூலின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ், ஒரு முழுச் சமூகம்கூட பூமியின் உரிமையாளர் அல்ல, அனுபவிப்பவர் மட்டுமே, அடுத்த தலைமுறைகளிடம் மேம்படுத்திக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்கின் மண் வேதியியலைப் படித்துவிட்டு, நகரத்துக்குப் போகும் உணவோடு மண்ணின் சத்தும் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை என்று கவலைப்பட்டார். இவ்வளவு தெளிவான தொடக்கம் இருந்தும் சோவியத் ஒன்றியம் மத்திய ஆசியாவில் அரல் கடல் என்ற பெரிய ஏரியைக் கொன்றது. 1960களிலிருந்து பருத்திக்காக ஆமூ தரியா, சிர் தரியா ஆறுகளைத் திருப்பினார்கள்; உலகின் நான்காவது பெரிய ஏரி சில பத்தாண்டுகளில் துண்டு துண்டாகிப் பெரும்பகுதி உப்புப் பாலைவனமானது. காரணம் தனியார் லாபம் இல்லை, அங்கே தனியார் முதலாளியே இல்லை. திட்டம் டன் கணக்கில் பருத்தி கேட்டது. உற்பத்தி கூடுவதே முன்னேற்றம் என்று நம்பப்பட்டது. மீனவர்கள் வழக்குப் போட நீதிமன்றமும் இல்லை, எழுதப் பத்திரிகையும் இல்லை. உடைமையை மாற்றினால் இயற்கை தானாகக் காப்பாற்றப்படும் என்ற வாதம் அங்கே தோற்றுவிட்டது.

ஆனால் சோசலிச மரபு நிலைத்தன்மைக்குக் கொடுத்த ஒன்று விலைமதிப்பற்றது: பாரத்தை யார் சுமப்பது என்ற கேள்வி. நிலக்கரிச் சுரங்கத்தை மூடு என்று சொல்வது எளிது. அங்கே முப்பது வருடம் வேலை செய்தவருக்கு என்ன வழி என்று முதலில் அழுத்திக் கேட்டவர்கள் தொழிற்சங்கத்தினர். நியாயமான மாற்றம் என்ற கோரிக்கை அமெரிக்காவின் எண்ணெய், வேதித் தொழிலாளர் சங்கத்தில், டோனி மஸ்ஸோக்கி போன்றவர்களிடமிருந்து கிளம்பி, 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தின் முன்னுரை வரை போய்ச் சேர்ந்தது.

பழமைவாதத்தைப் பார்க்கும்போது பலருக்கும் ஆச்சரியம் வரும். நிலைத்தன்மைக்கு மிக நெருங்கிய உறவு உண்மையில் அங்கேதான் இருக்கிறது. சமூகம் என்பது வாழ்கிறவர்கள், இறந்தவர்கள், பிறக்கப்போகிறவர்கள் மூவருக்கும் இடையிலான கூட்டு என்று பழமைவாதத்தின் மூலவர்களில் ஒருவரான எட்மண்ட் பர்க் 1790இல் எழுதினார். பெரிய மரபுச் சித்தாந்தங்களில் பிறக்காதவரை உள்ளே உட்காரவைத்துத் தொடங்கியது பழமைவாதம்தான். நடைமுறையிலும் இது தெரிந்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970இல் குடியரசுக் கட்சியின் நிக்சன் காலத்தில் உருவானது. வேதியியல் படித்த மார்கரெட் தாட்சர் 1989இல் ஐ.நா. பொதுச் சபையில் நின்று பருவநிலை குறித்து உலக உடன்படிக்கை வேண்டும் என்று பேசினார். ஓசோன் படலத்தைக் காத்த 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு ரீகன் அரசு துணை நின்றது. பிறகு ஏன் அந்தக் கட்சிகளில் பல விலகின? ஓசோனைக் கெடுத்த குளிர்சாதன வாயுவை மாற்ற ஒரு சில தொழிற்சாலைகளைக் கட்டுப்படுத்தினால் போதும். கார்பனைக் குறைக்க எரிசக்தி, போக்குவரத்து, வீடு என்று எல்லாவற்றிலும் அரசு தலையிட வேண்டும், சர்வதேச ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டுமே அவர்களுக்கு ஒவ்வாதவை. 2012இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் கொள்கை அறிக்கை, 1992 ரியோ மாநாட்டில் உருவான நிலைத்த வளர்ச்சித் திட்டமான அஜெண்டா 21ஐ வெளிப்படையாகவே நிராகரித்தது. பர்க்கின் கூட்டாளிகள் பட்டியலிலிருந்து மூன்றாமவரை அவர்களே நீக்கிவிட்டார்கள் என்பது என் ஆதங்கம்.

அராஜகவாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மனிதன் மனிதனை அடக்குவதிலிருந்துதான் இயற்கையை அடக்கும் எண்ணமே வந்தது என்றார் முர்ரே புக்சின். அழகான கருத்து, ஆனால் காற்றுமண்டலம் போன்ற உலகளாவிய பொதுவை ஊர்ச்சபைகள் எப்படி நிர்வகிக்கும் என்பதற்கு அங்கே போதிய விடை இல்லை.

இப்போது இருட்டான பக்கம். இதைச் சொல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது. எல்லை உண்டு என்று ஒப்புக்கொண்டவுடனே, அந்த எல்லைக்குள் யார் இருக்கலாம், யாரை வெளியே தள்ளலாம் என்ற கேள்வி எழுகிறது. நிலைத்தன்மையிடம் அதற்குச் சொந்தப் பதில் இல்லாததால் முதலில் வந்து பதில் சொல்கிறவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். நாஜி ஜெர்மனி 1935இல் விரிவான இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதே அரசின் விவசாய அமைச்சர் வால்டர் டாரே ரத்தமும் மண்ணும் என்ற இனவாத முழக்கத்தைப் பரப்பினார். பொதுமேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என்று 1968இல் எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின், 1974இல் பணக்கார நாடுகளை உயிர்காப்புப் படகாக உருவகித்து, ஏழை நாட்டவரைப் படகில் ஏற்றாதீர்கள், உணவு உதவியும் செய்யாதீர்கள் என்று வாதிட்டார். மக்கள்தொகை பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியிருந்த அந்தப் பத்தாண்டில்தான் இந்தியாவின் நெருக்கடி நிலைக் காலத்தில் லட்சக்கணக்கான ஏழைகள் கட்டாயமாகக் கருத்தடைக்கு உட்படுத்தப்பட்டார்கள். எல்லையைப் பற்றிப் பேசும் எவரும் இந்த வரலாற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

ஹார்டினுக்குச் சரியான பதில் எலினோர் ஆஸ்ட்ரமிடமிருந்து வந்தது. சுவிஸ் மலை மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசன அமைப்புகள், ஜப்பானின் கிராமக் காடுகள் என்று பல நூற்றாண்டுகளாக அழியாமல் நடந்துவரும் பொது வளங்களை ஆராய்ந்து, தனியார் சொத்தாக்காமலும் அரசு கையகப்படுத்தாமலும் மக்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறுகிறவரைப் படிப்படியாகத் தண்டித்துக் காப்பாற்ற முடியும் என்று 1990இல் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் ஆனார். எல்லைக்குள் வாழ விரட்டல் தேவையில்லை, பேசி வகுத்த விதி போதும் என்பதற்கு அவர் தந்தது ஆதாரம்.

ஏழை நாடுகளின் குரல் இந்த விவாதத்தில் தனி இழை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி, வறுமையும் தேவையும்தானே மிகப் பெரிய மாசுபடுத்திகள் என்று கேட்டார். அதற்கும் முன்பே, 1945இல், தஞ்சையில் பிறந்த பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் ஏழைகளின் வேலையையும் இயற்கையின் தாங்குதிறனையும் ஒரே கணக்கில் வைத்தார். ப்ருண்ட்லாண்ட் ஆணையத்துக்கு நாற்பது ஆண்டுக்கு முன் அது எழுதப்பட்டது என்பதை மேற்கத்திய வரலாறுகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 1973இல் இமயமலைக் கிராமங்களில் தொடங்கிய சிப்கோ இயக்கத்தின் பெண்களுக்கு மரம் என்பது விறகு, தீவனம், தண்ணீர். சூழல் அக்கறை வயிறு நிறைந்தவர்களின் ஆடம்பரம் என்ற எண்ணத்தை இந்த இயக்கங்கள் உடைத்தன. இன்றும் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவில் கரியமில வாயு வெளியிட, ஓர் இந்தியர் சுமார் 2 டன் வெளியிடுகிறார். இருவரும் ஒரே சதவீதம் குறைக்க வேண்டும் என்றால் அதில் நியாயம் ஏது?

அப்புறம் ஜனநாயகம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கிறவர் ஐம்பதாண்டு கழித்து வரும் பலனுக்காக ஓட்டை இழப்பாரா என்பது நியாயமான சந்தேகம். ராபர்ட் ஹைல்ப்ரோனர், வில்லியம் ஓஃபுல்ஸ் போன்றவர்கள் 1970களில், நெருக்கடி முற்றினால் வலுவான அதிகார ஆட்சியைத் தவிர வழியிருக்காது என்ற முடிவுக்குப் போனார்கள். நான் முன்னே சொன்னவர்கள் இவர்கள்தான். அரல் கடல் அவர்களுக்குப் பதில்: கேள்வி கேட்க ஆளில்லாத ஆட்சி தவறை நிறுத்தாமல் செய்துகொண்டே போகும். தேர்தலை விட்டுவிடாமல் பிறக்காதவருக்கு இடம் கொடுக்கும் வழிகளைத் தேடுவதே சரி. இஸ்ரேல் 2001இல் வருங்காலத் தலைமுறைகளுக்கு ஆணையர் ஒருவரை நியமித்தது, ஒரே பதவிக்காலத்தோடு நிறுத்திவிட்டது. ஹங்கேரி அமைத்த தனிப் பாதுகாவலர் பதவி சில ஆண்டுகளில் அதிகாரம் குறைக்கப்பட்டது. வேல்ஸ் 2015இல் இதற்குத் தனிச் சட்டமே இயற்றி ஆணையரை வைத்தது. 2019இல் நியூபோர்ட் அருகே திட்டமிட்ட எம்4 நெடுஞ்சாலையின் மாற்றுப் பாதையை அரசு கைவிட்டதற்கு முன் அந்த ஆணையர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2021இல் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. 2030 வரை குறைவாகச் செய்துவிட்டுப் பாரத்தை அதற்குப் பிறகு வருபவர்கள் மேல் தள்ளினால், அது அவர்களின் சுதந்திரத்தை இன்றே பறிப்பது என்று நீதிபதிகள் கூறினார்கள். தாராளவாதத்தின் உரிமை மொழியிலேயே காலத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

கடைசியாக, இதை மட்டும் வைத்து ஆட்சி நடத்த முடியுமா? ஜெர்மனியின் பசுமைக் கட்சியைவிட நல்ல சோதனை இல்லை. 1980இல் அது உருவானபோது பழமைவாதக் கட்சியிலிருந்து வந்த ஹெர்பர்ட் க்ரூலும் அதில் இருந்தார், தீவிர இடதுசாரிகளும் இருந்தார்கள். நாங்கள் இடதும் இல்லை, வலதும் இல்லை, முன்னால் இருக்கிறோம் என்ற முழக்கம் க்ரூலுடையது என்பார்கள். அது நீடிக்கவில்லை. ஓய்வூதியம், ராணுவம், பெண்ணுரிமை என்று ஒவ்வொரு கேள்வி வந்தபோதும் பதில் தேவைப்பட்டது. பெரும்பான்மை இடதுபக்கம் சாய்ந்தது. க்ரூல் வெளியேறி வேறு கட்சி அமைத்தார். சூழல், சமூக நீதி, அடித்தள ஜனநாயகம், வன்முறையின்மை என்று கட்சி வைத்துக்கொண்ட நான்கு தூண்களில் முதலாவதுதான் அதன் சொந்தம். 1983இல் 5.6 சதவீத ஓட்டுடன் நாடாளுமன்றத்துக்குள் வந்தார்கள், 1998இல் சமூக ஜனநாயகவாதிகளோடு ஆட்சியில் அமர்ந்தார்கள். அணுமின் நிலையங்களை மூடுவது அவர்களின் அடையாளம். 2022இல் ரஷ்ய எரிவாயு நின்றபோது, நிறுத்திவைத்த நிலக்கரி நிலையங்களைத் திரும்ப இயக்க வேண்டிய நிலை அவர்களுடைய அமைச்சருக்கே வந்தது. ஆஸ்திரியாவிலோ பசுமைக் கட்சி 2020இல் பழமைவாதக் கட்சியோடு கூட்டணி வைத்தது. ஒரே மையம், இரண்டு விதமான துணை.

ஜெர்மன் பசுமைக் கட்சியினர் மிகவும் அடிபட்டது 2023இன் வெப்பமூட்டிச் சட்டத்தில். புதிதாகப் பொருத்தும் வெப்பமூட்டிகள் குறைந்தது 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் இயங்க வேண்டும் என்ற வரைவு வெளியே வந்தபோது, எளிய வீட்டுக்காரர் அந்தச் செலவை எப்படிச் சமாளிப்பார் என்பது மக்களுக்குத் தெளிவாக இல்லை. எதிர்ப்பு வெடித்தது, சட்டம் நீர்த்துப்போய் நிறைவேறியது. பிரான்ஸில் 2018இல் நடந்ததும் இதேதான்: பணக்காரர்களின் செல்வத்தின் மீதான வரியைப் பெரும்பாலும் நீக்கிய அதே ஆண்டு எரிபொருள் வரியை ஏற்றினார்கள், மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள், 2019இல் வரவிருந்த அடுத்த உயர்வு கைவிடப்பட்டது. வரிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கனடா தன் கார்பன் வரியில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, ஆனாலும் நுகர்வோர் மீதான அந்த வரி 2025 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் இதேபோன்ற வரி இருக்கிறது, வசூலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்புகிறது.

ஆகவே இடதா வலதா என்ற கேள்வியை நிலைத்தன்மையிடம் கேட்டுப் பயனில்லை, அதைக் கையில் எடுத்திருக்கும் கட்சியிடம் கேளுங்கள். தேர்தல் அறிக்கையில் பருவநிலை அத்தியாயத்தைத் தாண்டி இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள்: வரிச்சுமை யார் மீது விழுகிறது என்ற பக்கம், சுரங்கமோ ஆலையோ மூடப்படும் ஊருக்கு என்ன ஏற்பாடு என்ற பக்கம். அந்தப் பக்கங்களே இல்லாத அறிக்கைகளும் நிறைய வருகின்றன. அந்தக் கட்சிகள் ஆட்சிக்கு வந்தால் அந்த இரண்டையும் நிதி அமைச்சகம்தான் எழுதும், தேர்தலில் யாரும் ஓட்டுப் போடாத ஒரு பதிலை.